வெண்ணெயின் இடத்தில் வருவது எது? உணவுக் கொழுப்பும் இதயமும் பற்றிய ஓர் ஆய்வுரை

வெண்ணெய் உடலுக்கு நல்லதா, கெட்டதா என்னும் வினாவுக்கு மருத்துவ உலகம் கடந்த அறுபது ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைச் சொல்லிவிட்டது என்னும் எண்ணம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு தலைமுறைக் காலம் வெண்ணெயை விலக்கச் சொன்ன அறிவுரைகளைக் கேட்டுப் பழகிய அமெரிக்க வாசகர்களுக்கு, 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த டைம் வார இதழின் அட்டை, வெண்ணெயை உண்ணுங்கள் என்று அறிவித்தது. முரண்பட்டு நிற்பவை ஆய்வு முடிவுகள் என்பதைவிட, ஆய்வுகளிடம் கேட்கப்பட்ட வினாக்களே என்பதும், ஒருவருடைய உணவிலிருந்து வெண்ணெய் விலகும்போது அவ்விடத்தில் எது வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாமல் வெண்ணெயின் நன்மை தீமையை அளக்க இயலாது என்பதும் இவ்வுரையில் நிறுவ முற்படும் கருத்துகள் ஆகும்.

பாலேட்டையோ தயிரையோ கடைந்து திரட்டப்படும் வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பும், ஏறத்தாழ பதினாறு பங்கு நீரும், எஞ்சிய சிறு பகுதியாகப் பாலின் புரதமும் சர்க்கரையும் தாது உப்புகளும் உள்ளன. 14 கிராம் எடையுள்ள ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி ஆற்றலையும், 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பையும் தருகிறது. கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி; அச்சங்கிலியில் ஏற்கக்கூடிய அளவுக்கு ஹைட்ரஜன் அணுக்கள் முழுமையாக ஏறியிருந்தால் அது நிறைவுற்றது எனவும், சில இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருந்து ஹைட்ரஜன் குறைந்திருந்தால் நிறைவுறாதது எனவும் பெயர் பெறும். வெண்ணெயின் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்றவை. ஆயினும் அவையெல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. பால்மிட்டிக் அமிலமும் மிரிஸ்டிக் அமிலமும் இரத்தக் கொலஸ்டிராலை உயர்த்துகின்றன. ஸ்டியரிக் அமிலம் அவ்வாறு உயர்த்துவதில்லை. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே இருக்கும் பியூட்டிரிக் அமிலத்தைக் காட்டி, வெண்ணெய் பெருங்குடலுக்கு மருந்தாகும் என்று இக்காலத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. உணவோடு வரும் பியூட்டிரிக் அமிலம் குடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெருங்குடலின் செல்களுக்கு உணவாகும் பியூட்டிரேட்டோ, நார்ப்பொருளைக் குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதனால் அங்கேயே பிறக்கிறது. ஆகவே அந்நன்மையை நாடுவோர் கீரையையும் பயறு வகைகளையும் முழுத்தானியங்களையும் நாடுவதே முறையாகும்.

நிறைவுற்ற கொழுப்பு இதயத்துக்கு எவ்வழியில் தீங்கு செய்கிறது என்பது இன்று தெளிவாக விளங்கிவிட்ட ஒன்று. கொலஸ்டிரால் நீரில் கரையாதாகையால், புரதமும் கொழுப்பும் சேர்ந்த நுண்துகள்களில் ஏறியே இரத்தத்தில் பயணம் செய்கிறது. அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் அடர்த்தி குறைந்த துகள்கள், எண்ணிக்கையில் மிகுந்து நெடுங்காலம் இரத்தத்தில் சுற்றும்போது, தமனிகளின் உட்சுவரில் படிந்து அடைப்பைத் தொடங்கிவைக்கின்றன. அத்துகள்களை இரத்தத்திலிருந்து அகற்றுவது பெரும்பாலும் கல்லீரலின் பணி. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் அவற்றைப் பற்றி உள்ளிழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் 1985ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ணும்போது இந்த ஏற்பிகளின் செயல்பாடு தளர்கிறது. துகள்கள் இரத்தத்தில் தேங்குகின்றன. வெண்ணெயில் உள்ள கொலஸ்டிராலைப் பற்றியே பலரும் அஞ்சுகின்றனர் எனினும், இரத்த அளவை உயர்த்துவதில் அதன் பங்கு சிறிது. நிறைவுற்ற கொழுப்பின் பங்கே பெரிது.

இந்த உண்மை ஒரு சமுதாயத்தின் வாழ்விலும் சாவிலும் எவ்வாறு வெளிப்படும் என்பதைக் காண்பதற்குப் பின்லாந்தின் கிழக்கு எல்லையில், ரஷ்யாவை ஒட்டிக் கிடக்கும் வட கரேலியா மாநிலத்தைவிடச் சிறந்த களம் இல்லை. காட்டு மரத் தொழிலும் சிறு பால்பண்ணைகளும் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,80,000 மக்களுக்கு வாழ்வாதாரமாக இருந்தன. ரொட்டியின் மேல் கனமாகப் பூசப்பட்ட வெண்ணெய், வெண்ணெயிலேயே சமைத்த இறைச்சி, கொழுப்பு நீக்காத பால், பாலேடு, மிகுந்த உப்பு, காய்கறி என்று சொல்லத்தக்கதாக உருளைக்கிழங்கு ஆகியன அவர்களுடைய அன்றாட உணவாக இருந்தன. அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிழக்குப் பின்லாந்தின் ஆண்களே மாரடைப்பால் மிகுதியாக இறப்பவர்களாகக் காணப்பட்டனர். உடலுழைப்பில் குறையாத, தோற்றத்தில் வலிமை மிக்க மரவெட்டிகள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் திடீரென இறந்து விழுந்தனர்; நடுவயதுக் கைம்பெண்கள் ஊர்தோறும் பெருகினர். இந்நிலை பொறுக்காமல் அம்மாநிலத்தின் மக்கள் பிரதிநிதிகள் 1971இல் தலைநகருக்கு விண்ணப்பம் அனுப்பினர். அடுத்த ஆண்டு வட கரேலியத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற மருத்துவர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அத்திட்டத்தின் சிறப்பு, அது மருத்துவமனைகளை நம்பி நில்லாமல் சமையலறைகளை நாடிச் சென்றதில் இருக்கிறது. மார்த்தா என்னும் இல்லத்தரசியர் அமைப்பின் பெண்கள் ஊர்தோறும் கூடி, பழகிய உணவுகளையே வெண்ணெயைக் குறைத்தும் காய்கறியைக் கூட்டியும் சமைத்துக் காட்டினர். எந்த ஊர் தன் சராசரிக் கொலஸ்டிராலை மிகுதியாகக் குறைக்கிறது என்று ஊர்களுக்கிடையே போட்டிகள் நடத்தப்பட்டன. பால் உற்பத்தியாளர்கள் எதிர்த்தனர். வெண்ணெயைப் பழிப்பது நாட்டின் உழவரைப் பழிப்பதாகும் என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை. அந்த எதிர்ப்பை அறிவுரையால் மட்டும் வெல்ல முடியாது என உணர்ந்தமையே திட்டத்தின் பெருந்தெளிவு. குளிர்ந்த வடநாட்டில் விளையக்கூடிய கடுகினத்து எண்ணெய் வித்துப் பயிர் ஊக்குவிக்கப்பட்டது. பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற விரும்பிய பண்ணையாளர்களுக்கு உதவி கிட்டியது. வெண்ணெயையும் தாவர எண்ணெயையும் கலந்து விற்பதைத் தடுத்திருந்த சட்டமும் பின்னர் மாற்றப்பட்டது.

1970களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் ரொட்டிக்கு வெண்ணெயையே பூசிய அம்மாநிலத்தில், அடுத்த தலைமுறையில் அவ்வாறு செய்வோர் சிறுபான்மையினராயினர். டெசிலிட்டருக்கு 270 மில்லிகிராமை ஒட்டியிருந்த ஆண்களின் சராசரிக் கொலஸ்டிரால், 2007 அளவில் 210ஐ நெருங்கியது. உழைக்கும் வயதுடைய ஆண்களிடையே மாரடைப்பு இறப்பு விகிதம், திட்டம் தொடங்குமுன் இருந்ததில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழாக இறங்கியது. இப்பெருமாற்றம் முழுவதையும் வெண்ணெய்க்கே உரிமையாக்குவது நேர்மையாகாது. புகைப்பழக்கம் குறைந்தது, உப்பு குறைந்து இரத்த அழுத்தம் தணிந்தது, தூளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடித்த காபி மறைந்து, தாள் வடிகட்டியில் இறக்கிய காபி வந்தது. கொதிக்கவைத்த காபியின் எண்ணெய்ப் பொருள்களும் கொலஸ்டிராலை உயர்த்துவன என்பதால் இதுவும் கணக்கில் வரவேண்டிய ஒன்று. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட அண்டை மாநிலமான குவோபியோவிலும், நாடு முழுவதிலும் இறப்புகள் விரைவிலேயே குறையத் தொடங்கியதால், திட்டத்தின் தனிப் பங்கு எவ்வளவு என்னும் விவாதமும் எழுந்தது. எனினும் இறப்புக் குறைவின் பெரும்பகுதிக்குக் கொலஸ்டிரால், இரத்த அழுத்தம், புகை ஆகிய மூன்றன் மாற்றமே காரணம் என்றும், அவற்றுள் கொலஸ்டிராலின் பங்கே மிகப் பெரிது என்றும் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. இதற்கு எதிர்த்திசைச் சான்றும் உண்டு. மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பை உண்ணும் வழக்கம் 2010ஐ ஒட்டி நார்டிக் நாடுகளில் பரவியபோது, பின்லாந்தில் பல பத்தாண்டுகளாக இறங்கிவந்த சராசரிக் கொலஸ்டிரால் முதன்முறையாக ஏறத் தொடங்கியதை 2012ஆம் ஆண்டின் தேசிய அளவீடு பதிவு செய்தது.

வட கரேலியாவைக் கொண்டே வழக்கை முடித்துவிடலாம் என்று எண்ணுவோருக்கு முன், இந்திய மண்ணிலேயே விளைந்த ஒரு மறுப்பு நிற்கிறது. ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1967இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்ட கட்டுரை, பஞ்சாபியரைவிடத் தென்னிந்திய ஊழியர்கள் ஏழு மடங்கு மிகுதியாக இதயத் தமனி நோயால் இறந்தனர் என்றும், அவர்கள் இளவயதிலேயே இறந்தனர் என்றும் காட்டியது. பஞ்சாபியர் உண்ட கொழுப்போ தென்னிந்தியர் உண்டதைப்போல் பல மடங்கு. அதிலும் நெய்யும் பாலும் தயிருமே பெரும்பகுதி. வெண்ணெயே கொல்கிறது என்றால், நெய்யைக் கண்ணால் காண்பதே அரிதாயிருந்த சென்னை ரயில்வே ஊழியர் ஏன் முந்தி இறக்க வேண்டும்? இவ்வினாவைத் தட்டிக்கழிப்பது அறிவியலாகாது. இரு வட்டாரத்து மக்கள் உணவில் மட்டும் வேறுபடுவதில்லை என்பதும், மரபு, உடலமைப்பு, உழைப்பு, மருத்துவ வசதி, இறப்புக் காரணத்தைப் பதியும் முறை எனப் பலவற்றில் வேறுபடுகின்றனர் என்பதும் உண்மையே. ஆனால் இந்த எச்சரிக்கை மல்ஹோத்ராவுக்குப் பொருந்துமாயின், நாடுகளை நாடுகளோடு ஒப்பிட்ட கீஸுக்கும் பொருந்தியே ஆகவேண்டும். மல்ஹோத்ராவின் கட்டுரை உறுதியாக உணர்த்துவது ஒன்றே: கொழுப்புக் குறைந்த உணவு என்பதனாலேயே ஓர் உணவு இதயத்துக்கு நல்லதாகிவிடாது. கொழுப்பை வாங்க வழியில்லாத இலையில் அதன் இடத்தை நிரப்பியது தீட்டிய அரிசிச் சோறு என்பதை எண்ணும்போது இவ்வுணர்த்தல் கூர்மை பெறுகிறது.

இனி, வெண்ணெயைக் குற்றத்திலிருந்து விடுவித்ததாகக் கூறப்படும் அண்மைக்காலத் தொகுப்பாய்வுகளைக் காணலாம். தொகுப்பாய்வு என்பது ஒரே பொருள் பற்றித் தனித்தனியாக நடந்த ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடுவது. 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்போருக்கும் குறைவாக உண்போருக்கும் இடையே இதய நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2016இல் வெளிவந்த மற்றொன்று, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் மொத்த இறப்பை நூற்றுக்கு ஒன்று என்னும் மிகச் சிறு அளவிலேயே கூட்டுகிறது என்றும், இதய நோயோடு தெளிவான தொடர்பு இல்லை என்றும் கண்டது. இவை நேர்மையான கணக்குகள். ஆயினும், வெண்ணெயைக் குறைவாக உண்டவர்கள் அதன் கலோரியை எங்கிருந்து பெற்றார்கள் என்னும் வினாவை இவை எழுப்புவதில்லை. மேலை நாடுகளில் அவர்கள் பெரும்பாலும் வெள்ளை மாவு ரொட்டியிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் பெற்றனர். வெண்ணெய்க்காரர்களும் மாவுக்காரர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் நோயுற்றனர் என்னும் செய்தியை, வெண்ணெயால் தீங்கில்லை என்று படிப்பது பிழை. இரண்டும் ஒத்த அளவில் தீங்கானவை என்றும் அதே எண்களைப் படிக்கலாம். மேலும், 2010ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற ஆய்வுகள் பலவற்றில் இரத்தக் கொலஸ்டிராலின் வேறுபாடு கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது. நிறைவுற்ற கொழுப்பு தீங்கு செய்வதே அக்கொலஸ்டிரால் வழியாக என்றிருக்கும்போது, அதைக் கழித்துவிட்டு எஞ்சியதில் தீங்கைத் தேடுவது பொருளற்ற முயற்சியாகும்.

இடத்தை நிரப்புவது எது என்னும் வினாவை நேராக எழுப்பிய ஆய்வுகள் வேறு விடை தந்தன. அமெரிக்கச் செவிலியரையும் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், 2015இல் வெளியிட்ட கணக்கில், மொத்தக் கலோரியில் நூற்றுக்கு ஐந்து பங்கை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து எடுத்து, பல இரட்டைப் பிணைப்புள்ள தாவர எண்ணெய்க் கொழுப்புக்கு மாற்றினால் இதய நோய் ஆபத்து 25 விழுக்காடும், ஒற்றை இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்புக்கு மாற்றினால் 15 விழுக்காடும், முழுத்தானிய மாவுச்சத்துக்கு மாற்றினால் 9 விழுக்காடும் குறைகின்றன என்றும், தீட்டிய தானியத்துக்கும் சர்க்கரைக்கும் மாற்றினால் பயன் ஏதும் இல்லை என்றும் கண்டனர். 2025 மார்ச்சில் அதே மரபில் வந்த ஆய்வு, 2,21,054 பேரை 33 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, நாளுக்கு 10 கிராம் வெண்ணெயை அதே கலோரி அளவுள்ள தாவர எண்ணெயாக மாற்றுவது இறப்பு ஆபத்தில் 17 விழுக்காடு குறைவோடு தொடர்புடையது என்றது. இவையெல்லாம் கண்காணிப்பு ஆய்வுகளேயன்றி நேரடிச் சோதனைகள் அல்ல; எண்ணெயை விரும்புவோர் வேறு பல நற்பழக்கங்களும் உடையவராய் இருக்கக்கூடும். ஆனால் மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து உணவளித்துச் சோதித்த குறுகிய கால ஆய்வுகளில், வெண்ணெய் எல்.டி.எல்.லை உயர்த்துகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. 2018இல் இங்கிலாந்தில் நான்கு வாரம் நாளுக்கு 50 கிராம் வீதம் வெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றை உண்ணச் செய்த சோதனையில், ஆலிவ் எண்ணெய் உண்டோரைவிட வெண்ணெய் உண்டோரின் எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராம் அளவு உயர்ந்து நின்றது.

வெண்ணெய்க்குப் பதிலாக வந்தது வெண்ணெயைவிடக் கொடியதாக அமைந்த வரலாறும் உண்டு. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அம்முறை பாதியில் நிறுத்தப்படும்போது டிரான்ஸ் கொழுப்பு என்னும் திரிந்த அமைப்புடைய கொழுப்பு உருவாகிறது. இது எல்.டி.எல்.லை உயர்த்துவதோடு, கொலஸ்டிராலைத் திருப்பி எடுத்துச்செல்லும் எச்.டி.எல். துகள்களைக் குறைக்கவும் செய்கிறது என்பதை 1990இல் டச்சு ஆய்வாளர்கள் மென்சிங்கும் கடானும் காட்டினர். அதற்குள் இரண்டு தலைமுறையினர் இதய நலனுக்கெனக் கட்டி மார்கரினை உண்டு முடித்திருந்தனர். இந்தியாவில் வனஸ்பதி, நெய்யின் இடத்தில் ஆண்டுகொண்டிருந்தது. டென்மார்க் 2003இல் சட்டத்தால் டிரான்ஸ் கொழுப்பைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என்னும் விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. 1968 முதல் 1973 வரை மினசோட்டாவில் நடந்த சோதனையில் சோள எண்ணெய் கொலஸ்டிராலைக் குறைத்தும் இறப்பைக் குறைக்கவில்லை என்பது வெண்ணெயின் ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சான்று. அதில் பங்கேற்றோரில் பலர் ஓராண்டுக்கும் குறைவாகவே அவ்வுணவை உண்டனர் என்பதையும், சோதனை உணவில் மார்கரினும் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கையில் அச்சான்றின் வலு குன்றுகிறது.

பால் கொழுப்பைப் பற்றிய ஆய்வுகளுள் மிகச் சுவையானதும், தமிழர் உணவு மரபுக்கு நெருக்கமானதும் வேறொன்று. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் பாஸ்போலிப்பிடும் புரதமும் கலந்த மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. மத்தின் வீச்சில் இச்சவ்வு கிழிந்தால்தான் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரளும். கிழிந்த சவ்வின் பெரும்பகுதி வெண்ணெயோடு வராமல் மோரிலேயே தங்கிவிடுகிறது. 2015இல் சுவீடனில் நடந்த ஒரு சோதனையில், ஒரே அளவு பால் கொழுப்பைச் சவ்வு சிதையாத பாலேடாக உண்டவர்களுக்கு எல்.டி.எல். உயரவில்லை, சவ்வு நீங்கிய வெண்ணெய்க் கொழுப்பாக உண்டவர்களுக்கு உயர்ந்தது. பாலாடைக்கட்டியும் அதே கொழுப்பளவுள்ள வெண்ணெயை ஒப்பிடக் குறைவாகவே உயர்த்துகிறது. கனடாவில் மோர்ப்பொடியைக் கொண்டு நடந்த ஒரு சிறு சோதனையில் கொலஸ்டிரால் ஓரளவு இறங்கியும் இருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள், வைகறையில் தயிர் கடைந்து, மோரைத் தலையில் சுமந்து சென்று கூலத்துக்கு மாற்றித் தன் சுற்றத்துக்கு உணவளிக்கிறாள். நெய்யையோ பொன்னுக்கும் கொடாமல், எருமைக்கும் பசுவுக்கும் ஈடாகச் சேர்க்கிறாள். மோர் அன்றாட உணவாகவும், நெய் கால்நடைச் செல்வத்துக்கு நிகரான அரும்பொருளாகவும் இருந்த பொருளாதாரம் அது. அந்நாளையோர் சவ்வின் வேதியியலை அறிந்திருந்தனர் என்று உரிமை பாராட்டுவது வீண் பெருமை. அரும்பொருளை எவரும் அள்ளி உண்ணவில்லை என்பதே அதிலிருந்து பெறத்தக்க செய்தி.

இன்றைய தமிழ்நாட்டில் இவ்வினா எவ்வாறு நிற்கிறது? உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக்கூடாது என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். சூடான சோற்றில் விடும் ஒரு தேக்கரண்டி நெய்யோ, தோசைக்கு இடும் சிறு உருண்டை ஊத்துக்குளி வெண்ணெயோ இவ்வரம்பை உடைப்பதில்லை. உணவகத்தின் வெண்ணெய் தோசையும், நெய் ஒழுகும் பொங்கலும், மாலையில் இனிப்புமாக நாளும் உண்பவர் அதை எளிதில் தாண்டிவிடுவார். பெரும்பாலான குடும்பங்களில் நிறைவுற்ற கொழுப்பு இவ்வழிகளில் வருவதைவிட, நியாயவிலைக் கடைகளில் மானிய விலையில் கிடைப்பதும், தேநீர்க் கடைப் பலகாரத்திலும் அடுமனைப் பொருள்களிலும் மறைந்திருப்பதுமான பாமாயில் வழியாகவே வருகிறது. அதன் கொழுப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிறைவுற்றது. அதிலும் பெரும்பகுதி கொலஸ்டிராலை உயர்த்தும் பால்மிட்டிக் அமிலம். வெண்ணெய் பிஸ்கட் என்று பெயரிட்டு விற்கப்படும் பண்டங்கள் பலவற்றில் இருப்பதும் இதுவே. மாரடைப்பு தெற்காசியரை மற்ற மக்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தியே தாக்குகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியிருப்பதால், இது பொறுத்திருக்கத்தக்க செய்தியன்று. எல்.டி.எல். உயர்ந்தவர்களும், பெற்றோர் இளவயதில் மாரடைப்பால் இறந்த குடும்பத்தினரும் வெண்ணெயையும் நெய்யையும் நாள்தோறும் உண்பதை விட்டு எப்போதேனும் உண்பதே தக்கது. வளரும் சிறு குழந்தைக்குப் பருப்புச் சோற்றில் நெய் விடுவதைத் தடுக்கக் காரணம் ஏதும் இல்லை.

பின்லாந்து தன் உழவர்களுக்கு மாற்றுப் பயிர் தந்துதான் வெண்ணெயைக் குறைத்தது. தமிழ்நாட்டு உழவர் அமைப்புகள் நியாயவிலைக் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாக உள்நாட்டு எண்ணெய்களை வழங்கவேண்டும் என்று நெடுங்காலமாகக் கோரிவருகின்றன. இதயத்தின் நோக்கில் அக்கோரிக்கை முற்றிலும் ஒரே தரத்ததன்று. கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவே. தேங்காய் எண்ணெயிலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல். இங்கிலாந்துச் சோதனையில் அது வெண்ணெயைவிட நன்றாக நடந்துகொண்டது எனினும், பல சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, மற்றத் தாவர எண்ணெய்களை ஒப்பிட அது எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு உயர்த்துகிறது என்றே கண்டது. ஆகவே அரசு மானியத்தைப் பாமாயிலிலிருந்து மாற்ற முன்வருமாயின், அம்மானியம் கடலைக்கும் எள்ளுக்கும் முதலில் செல்லவேண்டும்.